வேலையிலிருந்து மருத்துவத்துக்கு: அமெரிக்காவில் ப்ரீ-மெட் வகுப்புகளை எங்கே படிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். உங்களுக்கு 29 வயது. அமெரிக்கக் குடியுரிமை உண்டு. இங்கேயே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தீர்கள், ஜிபிஏ (4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.4. நியூ ஜெர்சியில் எடிசனில் வீடு, ஜெர்சி சிட்டியில் வங்கி வேலை. டாக்டராவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஆனால் கல்லூரியில் ஒரு வேதியியல் வகுப்புகூட எடுத்ததில்லை. கொலம்பியாவின் போஸ்ட்-பேக் திட்டமா (பட்டம் முடித்தவர்கள் ப்ரீ-மெட் வகுப்புகளை எடுப்பதற்கான திட்டம்), நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸா, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கவுண்டி காலேஜா (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) என்பது கேள்வி. அதோடு, “கவுண்டி காலேஜில் படித்தால் மருத்துவக் கல்லூரிகள் மதிக்காது என்கிறார்களே, உண்மையா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்படி வேலையை மாற்றிக்கொண்டு மருத்துவத்துக்கு வருகிறவர்களுக்குப் பல வருடங்களாக ஆலோசனை சொல்லிவருகிறேன். கல்லூரியின் பெயரைக் கடைசியாகப் பாருங்கள், அதன் வகுப்பு அட்டவணையை முதலில் பாருங்கள் என்பதுதான் என் பதில். எங்கே உங்களுக்கு வரிசை தவறாமல் சீட் கிடைக்கிறதோ, எங்கே உங்கள் இப்போதைய வாழ்க்கையை வைத்துக்கொண்டு ‘ஏ’ வாங்க முடிகிறதோ, அந்த இடம்தான் உங்களுக்கு நல்ல இடம்.

ப்ரீ-மெட் என்று தனிப் பட்டம் எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கும் வகுப்புகளின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், கரிம வேதியியல் இரண்டு, உயிரியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, எல்லாமே லேபோடு. பிறகு உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர். புள்ளியியல், கால்குலஸ், ஆங்கிலம் ஆகியவற்றைப் பொருளாதார மாணவராக நீங்கள் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை 2015-இல் மாற்றியபோது உளவியலும் சமூகவியலும் உள்ளே வந்தன. அவற்றை நீங்களே புத்தகம் வைத்துப் படித்துக்கொள்ளலாம். ஆக, புதிதாக எடுக்க வேண்டியது ஏறக்குறைய 36 கிரெடிட்.

இந்த 36 கிரெடிட்டில் ஒரு சங்கிலி இருக்கிறது. பொது வேதியியல் முதல் பாகம் முடித்தால்தான் இரண்டாம் பாகம். அது முடிந்தால்தான் கரிம வேதியியல், அதன் பிறகே உயிர்வேதியியல். உயிரியலையும் இயற்பியலையும் எங்கே வேண்டுமானாலும் நுழைத்துக்கொள்ளலாம், இந்த வேதியியல் வரிசையை மட்டும் மாற்ற முடியாது. பல கல்லூரிகளில் முதல் பாகம் இலையுதிர் பருவத்திலும் இரண்டாம் பாகம் வசந்தப் பருவத்திலும் மட்டும்தான் நடக்கும். செப்டம்பரில் பொது வேதியியலில் சீட் கிடைக்கவில்லை என்றால் ஒரு செமஸ்டர்தானே போகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். மே மாதத் தொடக்கத்தில் திறந்து, மே கடைசியிலிருந்து அனுப்பலாம். வகுப்பு தொடங்குவது அடுத்த வருடம் ஜூலை, ஆகஸ்டில். ஒரே ஒரு வகுப்பு நழுவி, அதனால் எம்கேட் தள்ளிப்போனால், ஒரு முழு வருடம் போய்விடும். நான் பார்த்தவரையில் வேலை மாறி வருகிறவர்கள் வருடத்தை இழப்பது மதிப்பெண்ணால் அல்ல, பெரும்பாலும் இப்படிச் சீட் கிடைக்காமல்தான்.

அதனால் எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “பட்டம் முடித்துவிட்டு வெறும் வகுப்புக்காக வருகிற எனக்கு, பதிவு என்றைக்குத் திறக்கும்?” பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் டிகிரிக்குச் சேராத மாணவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும். அதற்குள் லேப் பிரிவுகள் நிரம்பிவிடும். கலிஃபோர்னியாவின் கால் ஸ்டேட் வளாகங்களில் ‘ஓப்பன் யுனிவர்சிட்டி’ என்ற பெயரில் வெளியாட்களைச் சேர்க்கிறார்கள். அங்கே வகுப்பு தொடங்கிய பிறகு, இடம் மிச்சமிருந்து, பேராசிரியரும் சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும். கரிம வேதியியலை நம்பி அப்படி ஒரு வரிசையில் நிற்க வேண்டாம். இதற்கு ஒரு வழி உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பித்துச் சேர்ந்தால், முறையான மாணவராக முன்கூட்டியே பதிவு செய்யலாம். பட்டத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தேவையான வகுப்புகள் முடிந்ததும் விலகிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் இரண்டாம் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால் இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கே படிப்பது என்ற முடிவு இதில்தான் நிற்கிறது. ஆம்காஸ் நீங்கள் அமெரிக்காவில் எடுத்த ஒவ்வொரு கல்லூரி வகுப்பையும் கணக்கில் சேர்க்கும். ஒரு வகுப்பில் ‘சி’ வாங்கி, திரும்ப எடுத்து ‘ஏ’ வாங்கினாலும் இரண்டும் நிற்கும். டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், எம்டி போலவே இதிலும் டாக்டராகலாம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் முன்பு பழைய மதிப்பெண்ணை நீக்கிப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மொத்த ஜிபிஏவைத் தவிர, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஓர் அறிவியல் ஜிபிஏ போடுவார்கள். பட்டத்துக்குப் பிறகு எடுத்த வகுப்புகளுக்குத் தனி வரியும் உண்டு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய 120 கிரெடிட் 3.4. புதிய 36 கிரெடிட்டிலும் முழுக்க ‘ஏ’ வாங்கினால் மொத்தம் 3.54 ஆகும். அதற்கு மேல் ஏறாது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜிபிஏ சுமார் 3.8, எம்கேட் சராசரி 511 முதல் 512. இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உங்கள் அறிவியல் ஜிபிஏவில் பழைய கால்குலஸும் புள்ளியியலும் தவிர எல்லாமே புது வகுப்புகள். பொருளாதாரம் அந்தக் கணக்கில் வராது. ஆக, அறிவியல் ஜிபிஏ கிட்டத்தட்ட வெள்ளைத் தாள். அதை 3.9-க்கு மேல் எழுதினால், பல வருடம் முந்தைய 3.4-ஐத் தேர்வுக் குழு வேறு மாதிரி வாசிக்கும். அதே தாளில் ‘பி பிளஸ்’ வரிசையாக விழுந்தால், எம்கேட் எவ்வளவு நன்றாக வந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கொலம்பியாவில் வாங்கிய ‘பி பிளஸ்’ஸுக்கு ஆம்காஸ் தருவது 3.3. மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய ‘ஏ’வுக்கு 4.0. கல்லூரியின் பெயருக்காகக் கூடுதல் புள்ளி போடும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. படிக்கிற மனிதர்கள் பெயரைக் கவனிப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 0.7 புள்ளி இடைவெளியை நிரப்பும் அளவுக்குக் கவனிக்க மாட்டார்கள்.

கவுண்டி காலேஜ் பற்றிய பயம் பாதி உண்மை. சில மருத்துவக் கல்லூரிகள் நான்கு வருடக் கல்லூரியில் எடுத்த அறிவியல் வகுப்புகளையே விரும்புவதாக வெளிப்படையாகச் சொல்கின்றன. பல கல்லூரிகள் எதுவும் சொல்வதில்லை. எந்தக் கல்லூரி எதை ஏற்கிறது என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற இணையத் தொகுப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சிறிய சந்தாதான், கட்டாயம் வாங்குங்கள். தேர்வுக் குழுவின் சந்தேகம் எங்கே வருகிறது என்றால், ஒருவர் எளிதான இடமாகத் தேடித்தேடிப் போனது போலத் தெரியும்போதுதான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஒருவர், முழுநேர வேலை பார்த்துக்கொண்டே மாலையில் கவுண்டி காலேஜில் பொது வேதியியல் எடுப்பதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. எல்லா அறிவியல் வகுப்பையும் அங்கேயே முடித்துவிட்டு, மேல்நிலை வகுப்பு ஒன்றுகூட இல்லாமல் வந்தால், எம்கேட் மதிப்பெண் மட்டும்தான் உங்களுக்காகப் பேசும்.

அங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இரண்டு வருடக் கல்லூரிகளில் பெரும்பாலும் உயிர்வேதியியல் நடத்த மாட்டார்கள். எம்கேட்டின் இரண்டு பெரிய அறிவியல் பிரிவுகளிலும் கால் பங்கு உயிர்வேதியியல். எல்லோரும் பயப்படும் கரிம வேதியியலோ ஒன்றில் 15 சதவீதம், இன்னொன்றில் 5 சதவீதம். ஆகவே உயிர்வேதியியலை நல்ல ஆசிரியரிடம், நல்ல இடத்தில், தேர்வுக்குச் சற்று முன்னால் படிப்பதற்கு வழி செய்துகொள்ளுங்கள். மற்ற எந்த வகுப்பை விடவும் இந்த ஒன்றுக்காக இடம் தேடுவது பலன் தரும்.

கவுண்டி காலேஜின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் முப்பது பேருக்குள்தான் இருப்பார்கள். பாடம் எடுக்கிறவரே லேபையும் நடத்துவார், உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் நானூறு பேர் உட்காரும் அரங்கில் பேராசிரியர் உங்களைப் பார்ப்பதே அரிது, அவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்குத் தனியாக உழைக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் வழக்கமாக அறிவியல் ஆசிரியர்கள் இருவரிடமிருந்தும் வேறு துறையினர் ஒருவரிடமிருந்தும் கடிதம் கேட்கும். எங்கே படித்தாலும் முதல் வாரத்திலிருந்தே ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போகிற பழக்கம் வேண்டும்.

இனி முறையான போஸ்ட்-பேக் திட்டங்கள். இவற்றில் மிகப் பழையது கொலம்பியாவின் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ் நடத்துவது, 1955-இல் தொடங்கியது. அளவில் சிறிய, மிகுந்த கட்டுக்கோப்பான திட்டங்கள் என்றால் பென்சில்வேனியாவில் பிரின் மார், மேரிலாந்தில் கௌச்சர், கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ். பிரின் மாரும் ஸ்கிரிப்ஸும் பெண்கள் கல்லூரிகள் என்றாலும் அவற்றின் போஸ்ட்-பேக் திட்டத்தில் ஆண்களும் சேரலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸும் நடத்துகிறது. ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷனில் மாலை வகுப்புகளாக எடுக்கலாம். நியூயார்க் நகரத்தில் அரசுக் கல்லூரி வேண்டும் என்றால் ஹன்டர் காலேஜ்.

பிரின் மார், கௌச்சர் போன்றவற்றில் கோடையில் பொது வேதியியல் முழுவதையும் சில வாரங்களில் முடித்து, அடுத்த மே மாதத்துக்குள் கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் எல்லாம் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். அந்த ஒரு வருடம் வேலைக்குப் போவதை நினைத்துப் பார்க்க முடியாது. இவர்கள் தேடுவது அறிவியலே படிக்காத, ஆனால் பழைய மதிப்பெண் நன்றாக இருக்கும் ஆட்களை. தங்கள் மாணவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று இத்திட்டங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் உள்ளே எடுக்கும்போதே வடிகட்டித்தான் எடுக்கிறார்கள். எந்தத் திட்டம் வெற்றி சதவீதம் சொன்னாலும் “எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேருக்குக் கடிதம் தர மறுத்தீர்கள்” என்று கேளுங்கள். சேர்ந்தவர்களை வைத்துப் போட்ட சதவீதமும் விண்ணப்பித்தவர்களை வைத்துப் போட்ட சதவீதமும் வேறு வேறு.

இத்திட்டங்களின் உண்மையான மதிப்பு ‘லிங்கேஜ்’ என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. சாதாரணமாக வகுப்புகளை மே மாதத்தில் முடித்தால், ஜூனில் விண்ணப்பித்து, அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் மருத்துவக் கல்லூரி. நடுவில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். லிங்கேஜ் உள்ள திட்டத்தில், படித்துக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, முடித்த அதே வருடம் ஆகஸ்டில் சேர்ந்துவிடலாம். நிபந்தனைகள் கடுமை. குறிப்பிட்ட ஜிபிஏவுக்குக் கீழே போகக் கூடாது, இடம் கிடைத்தால் அந்த ஒரு கல்லூரிக்கே போக வேண்டும். இதைப் பணக் கணக்காகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கொலம்பியாவில் ஒரு கிரெடிட்டுக்கு 2,000 டாலருக்கு மேல், 36 கிரெடிட்டுக்கு 72,000 டாலரைத் தாண்டும். கவுண்டி காலேஜில் ஒரு கிரெடிட் 200 டாலரை ஒட்டி, மொத்தம் 7,000 சொச்சம். வித்தியாசம் 65,000 டாலர். லிங்கேஜால் ஒரு வருடம் மிச்சமானால், தொழில் வாழ்க்கையில் ஒரு வருட டாக்டர் சம்பளம் கூடுகிறது. அது 65,000-ஐ விட அதிகம். ஆகவே விலை உயர்ந்த திட்டம் எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ஜிபிஏ 3.7-க்கு மேல், கையில் சேமிப்பு, குடும்பப் பொறுப்பு குறைவு, லிங்கேஜைப் பயன்படுத்தும் உறுதி, இவையெல்லாம் இருப்பவர் தாராளமாகப் போகலாம். உங்கள் 3.4-க்கு லிங்கேஜ் கதவு திறப்பது கடினம். அது இல்லாமல் அந்தப் பணத்தைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடன் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இளங்கலை முடித்தவர்களுக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிரான்ட் கிடையாது. மேற்படிப்புக்கான முன்தயாரிப்பு வகுப்புகள் என்ற பெயரில் மத்திய அரசுக் கடன் வாங்கலாம், ஆனால் தொடர்ந்து 12 மாதம் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, பாதி நேர மாணவராகவாவது பதிவு செய்திருக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் படிக்கப்போகிறீர்கள் என்றால் அந்த 12 மாதத்தை எப்போது தொடங்குவது என்று யோசித்துத்தான் தொடங்க வேண்டும். இரண்டாம் பட்டத்துக்குச் சேர்ந்தால் இளங்கலைக் கடன் உச்சவரம்பில் மிச்சம் இருக்கும்வரை வாங்கலாம்.

இதில் புதிதாக ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025-இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, மேற்படிப்பின் முழுச் செலவுக்கும் மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் மத்திய அரசுக் கடன். தனியார் மருத்துவக் கல்லூரியில் நான்கு வருடச் செலவு வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து 3,00,000 டாலரைத் தாண்டும். மிச்சத்துக்குத் தனியார் கடனோ சேமிப்போதான் வழி. அதனால் இன்றைக்கு ப்ரீ-மெட் வகுப்பில் செலவழிக்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலரும் நான்கு வருடம் கழித்துக் கூடுதல் வட்டியிலிருந்து உங்களைக் காப்பாற்றும். சில வருடங்களுக்கு முன்பு இதே கேள்விக்குப் பணத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

பணத்தை மிச்சப்படுத்த இரண்டு வழிகளைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் நிறுவனம் கல்வி உதவி தருகிறதா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர்வரை வரி இல்லாமல் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வேலைக்குத் தொடர்பான படிப்பாக இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்கும், சில கேட்காது. இன்னொன்று, பல்கலைக்கழகத்திலேயோ அதன் மருத்துவமனையிலேயோ வேலைக்கு மாறுவது. சம்பளம் வங்கியை விடக் குறையும். ஆனால் பல இடங்களில் ஊழியர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி உண்டு. ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராகவோ மருத்துவமனை நிதிப் பிரிவிலோ வேலை பார்த்துக்கொண்டே அறிவியல் வகுப்புகளை முடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே தினமும் இருப்பதும் ஒரு லாபம்.

எங்கே படிக்கிறோம் என்பதோடு சேர்ந்து எங்கே நோயாளிகளைப் பார்க்கப்போகிறோம் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். நோயாளிகளின் பக்கத்திலேயே நிற்காத விண்ணப்பதாரரை, முக்கியமாக வேறு துறையிலிருந்து வருகிறவரை, தேர்வுக் குழு நம்பாது. எடிசனில் ஜேஎஃப்கே மருத்துவமனையும் நியூ பிரன்ஸ்விக்கில் ராபர்ட் உட் ஜான்சனும் உங்களுக்குப் பக்கம். நியூ ஜெர்சியில் பல ஊர்களில் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் உண்டு. இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சி எடுத்து வார இறுதியில் ஓடினால், அது வெறும் விண்ணப்ப வரியாக நிற்காது, இந்தத் தொழில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய்வர வேண்டிய கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால், அந்த நேரம் இங்கிருந்துதான் போகும்.

கமிட்டிக் கடிதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்னால் இதில்தான் தடுமாறுவீர்கள். பல கல்லூரிகளில் ப்ரீ-மெட் குழு ஒன்று மாணவரைப் பற்றித் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்பும். போஸ்ட்-பேக் திட்டங்களில் இது கிடைக்கும். வெறும் வகுப்பு எடுக்க வருகிறவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கிடைக்காது, அல்லது அங்கே இத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் நீங்கள் பொருளாதாரம் படித்த கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். பழைய மாணவர்களுக்கும் ஆலோசனையும் கமிட்டிக் கடிதமும் தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது, தனித்தனிக் கடிதங்களை எல்லா மருத்துவக் கல்லூரியும் ஏற்கும்.

ஆன்லைன் வகுப்புகள்: கோவிட்டுக்குப் பிறகு பல கல்லூரிகள் ஏற்கின்றன, லேப் மட்டும் நேரில் வேண்டும் என்று சில சொல்கின்றன. உளவியல், புள்ளியியல் போன்றவற்றை ஆன்லைனில் எடுங்கள். வேதியியல் லேபை எடுக்காதீர்கள். முதுகலை வடிவில் வரும் ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’ திட்டங்கள் உங்களுக்கானவை அல்ல. அவை அறிவியல் படித்து மதிப்பெண் குறைந்தவர்களுக்கு. அந்த மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவில் சேரவும் சேராது.

தமிழ்நாட்டில் பி.இ., பி.எஸ்சி. முடித்து இங்கே வந்து, இதே ஆசையோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை வேறு. ஆம்காஸ் இந்தியப் பல்கலைக்கழக மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்காது. பல மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியில் பட்டமோ, 90 கிரெடிட் போன்ற ஒரு குறைந்தபட்ச அளவோ கேட்கின்றன. இங்கே எடுத்த எம்.எஸ். முப்பது கிரெடிட்தான் இருக்கும். ஆகவே உங்களில் பலருக்கு 36 கிரெடிட் போஸ்ட்-பேக் போதாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இளங்கலைப் பட்டமே சரியான வழி, இந்தியக் கிரெடிட்டில் எவ்வளவு ஏற்றுக்கொள்வார்கள் என்பதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். எச்-4 விசாவில் படிக்கலாம், எச்-1பியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். ஆனால் கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. எடுப்பவற்றிலும் சில, கட்டணத்தை முன்கூட்டியே கணக்கில் கட்டிக் காட்டச் சொல்லும். மத்திய அரசுக் கடனும் கிடையாது. கிரீன் கார்டு எப்போது வரும் என்ற கணக்கைப் போடாமல் வகுப்பில் பணத்தைப் போட வேண்டாம்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேலையை இப்போது விட மாட்டேன். செப்டம்பரில் பொது வேதியியல் முதல் பாகத்தை மாலை வகுப்பாக, எடிசனிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் காலேஜில் எடுப்பேன். அந்த ஒரு செமஸ்டரில் இத்தனை வருடம் கழித்துப் படிக்க உட்கார முடிகிறதா என்று தெரிந்துவிடும், செலவும் சில நூறு டாலரில் முடியும். ‘ஏ’ வந்தால், வசந்தத்தில் இரண்டாம் பாகத்தோடு உயிரியலையும் சேர்ப்பேன். அதே சமயம் ரட்கர்ஸில் இரண்டாம் பட்டத்துக்கான விண்ணப்பத்தையும் போட்டுவிடுவேன். இரண்டாம் வருடம் அங்கே கரிம வேதியியலும் இயற்பியலும், கோடையிலோ அடுத்த பருவத்திலோ உயிர்வேதியியல். அந்த வருடம் வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போதிருந்தே சேமிக்கலாம். ஒரு பருவத்தில் இரண்டு லேப் வகுப்புக்கு மேல் போக மாட்டேன். ஆறு மாதம் தாமதமானாலும் ‘ஏ’ நிற்கும், அவசரத்தில் வாங்கிய ‘சி’யும் அப்படியே நிற்கும். கணக்குப்படி 32, 33 வயதில் மருத்துவக் கல்லூரி, அதன் பிறகு நான்கு வருடம், குடும்ப மருத்துவமோ உள்மருத்துவமோ என்றால் மேலும் மூன்று வருடம். இந்த வயதில் தொடங்கி நல்ல டாக்டரானவர்கள் இங்கே நிறையப் பேர்.

வேறு மாநிலத்துத் திட்டத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் நியூ ஜெர்சி முகவரியை எளிதில் விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரிகள் சொந்த மாநிலத்தாருக்கு முன்னுரிமை தரும். டெக்சஸில் வெளிமாநிலத்தவர் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றே விதி. உங்களுக்கு இங்கே ரட்கர்ஸின் இரண்டு மருத்துவக் கல்லூரிகள், கேம்டனில் கூப்பர், டிஓ படிப்புக்கு ரோவன் எனப் பக்கத்திலேயே பல கதவுகள் உண்டு. இந்தக் கல்லூரிகளின் எம்எஸ்ஏஆர் பக்கங்களை முதலில் படியுங்கள். டிஓ கல்லூரியான ரோவனுக்கு மட்டும் அதன் சொந்த இணையதளத்தைப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. பல கல்லூரிகளில் பொது வேதியியலில் பதிவு செய்யும் முன் கணிதத்திலோ வேதியியலிலோ தகுதித் தேர்வு எழுதச் சொல்வார்கள், அல்லது பழைய கால்குலஸ் மதிப்பெண்ணைக் காட்டி விலக்கு வாங்கச் சொல்வார்கள். பழைய டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியலை) வரவழைத்து அங்கே பதிவேற்றி, விலக்கு கைக்கு வரச் சில வாரம் ஆகும். அது வராமல் பதிவுப் பக்கம் உங்களை உள்ளே விடாது. ஆகஸ்ட்வரை காத்திருக்காமல் டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.